மந்தமான பாத்திரம்

பாத்திரத்தின் அடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கரிய திட்டு. அதைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம். அதற்கு வெளியே, கடையில் வாங்கிய அன்றிருந்த பளபளப்பு அப்படியே இருந்தது. திட்டின் மேலிருந்த பருப்பு கரியாகிவிட்டது. நாலு விரற்கடை தள்ளியிருந்த பருப்பு இன்னும் பல்லில் கடிபட்டது. ஒரே பாத்திரம், ஒரே சாம்பார், ஒரே நெருப்பு.

குலதெய்வக் கோயிலுக்குப் போன இடத்தில், வேப்பமரத்தடியில் மூன்று கல் கூட்டி நான் வைத்த சாம்பாரின் கதை இது. கிடாய்க்கறி சமைக்க வந்திருந்த பெரியவர் பக்கத்து அடுப்பிலிருந்து எழுந்து வந்தார். என் எவர்சில்வர் பாத்திரத்தை வாங்கி, விளிம்பில் விரலால் ஒரு சுண்டு சுண்டினார். கணீரென்றது.

"சத்தம் நல்லாத்தான் வருது. தம்பி, இது கேஸ் அடுப்புக்குச் செஞ்சது. விறகுக்கு வைக்கிற பாத்திரம் கொஞ்சம் மந்தமா இருக்கணும்" என்றார்.

மந்தம் என்ற சொல்லை நாம் திட்டுவதற்குத்தான் வைத்திருக்கிறோம். மந்தமான பையன், மந்தமான வயிறு. ஒரு பாத்திரத்துக்கு அது தகுதியாக இருக்க முடியும் என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை. வீட்டுக்கு வந்து இயற்பியல் புத்தகத்தைப் புரட்டினால், பெரியவர் ஒரே சொல்லில் சொன்னதை அங்கே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள்: வெப்பக் கடத்துத்திறன், வெப்ப ஏற்புத்திறன். முதலாவது, சூடு ஒரு பொருளுக்குள் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்பது. இரண்டாவது, அந்தப் பொருளை ஒரு டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் கொட்ட வேண்டும் என்பது. வெட்டவெளிச் சமையலுக்கு எந்தப் பாத்திரம் என்ற கேள்விக்கான விடையில் பெரும்பகுதி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகிறது.

பாத்திரத்துக்கு முன்னால் நெருப்பைப் பார்த்துவிடுவோம். வீட்டு அடுப்பில் "சிம்மில் வை" என்றால் குழந்தைகூடக் குமிழைத் திருப்பிவிடும். விறகடுப்பில் சிம் கிடையாது. விறகு நேரடியாக எரிவதுமில்லை. முதலில் அதிலிருக்கும் தண்ணீர் ஆவியாக வேண்டும். நன்றாகக் காய்ந்தது என்று நாம் நம்பி வாங்கும் விறகிலேயே 15 முதல் 20 சதவீதம் ஈரம் இருக்கும். பிறகு 200, 300 டிகிரி சூட்டில் மரம் சிதைந்து வாயுக்களைக் கக்குகிறது. எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு இப்படி வாயுவாகப் போய்விடும். நாம் பார்க்கும் மஞ்சள் கொழுந்து அந்த வாயு எரிவதுதான். மிச்சமிருக்கும் கரி, கொழுந்தில்லாமல் செக்கச் செவேலென்று கனல்கிறது, அது தணல்.

ஆக, ஒரு சுள்ளி தன் ஆயுளுக்குள் மூன்று வேறு அடுப்புகளாக நடந்துகொள்கிறது. முதலில் புகை, பிறகு காற்றடிக்கிற பக்கமெல்லாம் சாயும் கொழுந்து, கடைசியில் அசையாத தணல். அடுப்பில் பத்துச் சுள்ளி இருந்தால் பத்தும் பத்து வயதில் இருக்கும். இந்தக் குழப்பத்துக்கு மேல் வைக்கிற பாத்திரம், வருகிற சூட்டை வந்த வேகத்திலேயே சோற்றுக்குக் கடத்தினால் என் சாம்பாருக்கு நேர்ந்ததுதான் நேரும்.

அனுபவப்பட்ட சமையல்காரர்கள் கொழுந்தில் தண்ணீரைக் கொதிக்க வைப்பார்கள், தணலில் சமைப்பார்கள். தணலை அலட்சியமாக நினைத்துவிடக் கூடாது. 700 டிகிரியில் கனலும் பரப்பு, ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 50 கிலோவாட் வீதம் வெப்பக் கதிரை வீசும். நடுப்பகல் வெயில் நம் தலையில் இறக்குவது ஒரு கிலோவாட். ஐம்பது சூரியன்களை மண்ணில் பரப்பி வைத்து அதன்மேல் சட்டியை ஏற்றுகிறோம். நல்லவேளையாக, தணலின் மேல் சாம்பல் போர்த்திக்கொள்கிறது. சாம்பல் சூட்டை நன்றாகத் தடுக்கும் பொருள். கரண்டியால் சாம்பலைத் தட்டிவிட்டால் சூடு ஏறும், மேலே தூவிவிட்டால் இறங்கும். விறகடுப்பில் குமிழ் என்று ஒன்று உண்டென்றால் அதுதான்.

இனி பாத்திரங்கள். கடத்துத்திறனைப் புத்தகங்கள் தருகிற அலகிலேயே சொல்கிறேன்: செம்பு சுமார் 400, அலுமினியம் 235, வார்ப்பிரும்பு 50 சொச்சம், எவர்சில்வர் 15, சுட்ட மண் ஒன்றுக்கு அக்கம் பக்கம். எவர்சில்வர் கீழே இருந்து இரண்டாவது இடத்தில் நிற்கிறது. உலோகங்களிலேயே சூட்டைக் கடத்த இவ்வளவு சோம்பல் படுகிற ஒன்றை நாம் சமையலறையின் ராஜாவாக்கியிருக்கிறோம், துருப்பிடிக்காது என்ற ஒரே காரணத்துக்காக. என் பாத்திரத்தின் அடி ஒரு மில்லிமீட்டர்கூட இருந்திருக்காது. கொழுந்து நக்கிய இடத்தின் சூடு அந்த மெல்லிய தகட்டில் பக்கவாட்டில் பரவ முடியவில்லை. நேரே மேலே இருந்த பருப்பில் ஏறியது. அடிப்பிடித்த திட்டு, நெருப்பின் வரைபடம்.

அலுமினியம் இதற்கு நேர்மாறு. விழுந்த சூட்டை விளிம்புவரை ஓடிப் பரப்பிவிடும். எடையும் குறைவு. கல்யாணச் சமையலில் அலுமினிய அண்டா இவ்வளவு புழங்குவது விலைக்காக மட்டுமில்லை. ஆனால் அதற்கு இரண்டு பலவீனங்கள். புளியும் தக்காளியும் அதை அரிக்கும். இன்னொன்று, அது உருகும் வெப்பநிலை 660 டிகிரி. தணல் அதைத் தாண்டும். தண்ணீர் இருக்கும்வரை பயமில்லை, வெறும் பாத்திரமாகத் தணலில் மறந்துவிட்டால் அடி இளகிவிடும்.

இரும்புச் சட்டிக்கு வருவோம். "இரும்பு சூட்டைச் சமமாகப் பரப்பும்" என்று சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். எண்களைப் பார்த்தீர்களே, அலுமினியத்தின் கால் பங்குகூட அதனால் கடத்த முடியாது. இரும்பின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. 4 கிலோ வார்ப்பிரும்புச் சட்டியை 30 டிகிரியிலிருந்து 200 டிகிரிக்கு ஏற்ற சுமார் 300 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கவும் ஏறக்குறைய அவ்வளவுதான் தேவை. என் 600 கிராம் எவர்சில்வர் பாத்திரம் அதே உயரத்துக்கு 50 கிலோஜூலில் ஏறிவிடும். ஒன்று கிணறு, மற்றொன்று கிண்ணம். காற்று வீசிக் கொழுந்து ஒரு நிமிஷம் பாத்திரத்தை விட்டு விலகினால் கிண்ணம் வற்றிவிடும். திரும்பி வந்து பாய்ந்தால் வழிந்துவிடும். கிணற்றுக்கு இரண்டும் தெரியாது. பெரியவர் சொன்ன மந்தம் இதுதான்: நெருப்பின் ஏற்ற இறக்கங்களைத் தனக்குள் வாங்கி, சராசரியை மட்டும் உள்ளே விடுவது. குளிர்ந்த கறித்துண்டுகளைக் கொட்டினாலும் சட்டியின் சூடு பொசுக்கென்று இறங்காது. கறி தண்ணீர் விட்டு வேகாமல் சுருளச் சிவப்பதன் ரகசியம் அந்தச் சேமிப்பில் இருக்கிறது. மெதுவாகச் சூடேற்றுங்கள், அவ்வப்போது சட்டியைக் கால்வட்டம் திருப்பி வையுங்கள். பரப்ப முடியாத குறை அதில் சரியாகிவிடும்.

புதுச் சட்டியைப் பழக்க வேண்டும். நம் வீடுகளில் வடிகஞ்சியை ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊற வைத்து, தேய்த்து, பிறகு எண்ணெய் பூசிச் சூடு காட்டுவார்கள். அந்தச் சூட்டில் எண்ணெயின் மூலக்கூறுகள் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒன்றோடொன்று கைகோத்து, இரும்போடு ஒட்டிய வழவழப்பான கறுப்புப் படலமாகிவிடுகின்றன. கைகோக்க முடிந்தவை நிறைவுறாக் கொழுப்புகள் மட்டுமே. அதனால் நல்லெண்ணெய் நன்றாகப் பிடிக்கும். பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பான தேங்காயெண்ணெய் அவ்வளவாகப் பிடிக்காது. புளிக்குழம்பை மட்டும் இதில் வைத்துவிடாதீர்கள். புளி அந்தப் படலத்தைத் தின்னும், குழம்பு கறுத்து இரும்பு வாடை அடிக்கும்.

புளிக்கு மண்சட்டி இருக்கிறது. அமிலத்தோடு அதற்குச் சண்டையில்லை. கடத்துத்திறன் ஒன்று என்றால் பட்டியலில் கடைசி மந்தம் அதுதான். ஆனால் மண்ணுக்கு இழுவை தாங்கும் சக்தி கிடையாது. ஒரு பக்கம் சூடாகி விரிய, மறுபக்கம் குளிர்ந்தபடியே நின்றால் நடுவில் கீறல் விழும். குயவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள் என்று பாருங்கள். களிமண்ணில் மணல் கலந்தார்கள். தொடங்கிய கீறல் மணல் பருக்கையில் முட்டி நின்றுவிடும். அடியை உருண்டையாக்கினார்கள், மூலை இருந்தால் இழுவிசை அங்கே குவியும், உருண்டையில் குவிய இடமில்லை. உருண்டை அடிச் சட்டியைத் தரையில் வைக்க முடியாது, ஆனால் மூன்று கல்லில் அழகாக உட்காரும். நாலு கால் நாற்காலி ஆடும், மூன்று கால் முக்காலி ஆடாது. எந்த மூன்று புள்ளிகளும் ஒரு தளத்தில் அமைந்துவிடும் என்ற வடிவியலைப் பாட்டிகள் யாரும் படிக்கவில்லை. கரடுமுரடான நிலத்தில் நாலாவது கல்லுக்கு வேலை இல்லை என்று மட்டும் தெரிந்துவைத்திருந்தார்கள்.

கல்லைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. ஆற்றோரம் சமைக்கிறவர்கள், கைக்கு எட்டுகிறதே என்று தண்ணீரில் கிடந்த கூழாங்கல்லை எடுத்து அடுப்புக் கூட்டுவார்கள். அதன் நுண்துளைகளில் தண்ணீர் அடைபட்டிருக்கும். ஆவியானால் தண்ணீரின் பருமன் 1,600 மடங்குக்கு மேல் பெருகும். வழி கிடைக்காத ஆவி கல்லைப் பிளந்துகொண்டு தெறிக்கும். மேட்டில், வெயிலில் வெகுநாள் கிடந்த கல்லே அடுப்புக்கு ஆகும்.

மூன்று கல் அடுப்பு எவ்வளவு ஊதாரி என்பதையும் கணக்குப் போட்டுவிடலாம். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க 300 கிலோஜூல். ஒரு கிலோ காய்ந்த விறகில் சுமார் 17,000 கிலோஜூல் இருக்கிறது. கணக்குப்படி 17, 18 கிராம் விறகு போதும். ஒரு பிடி தீக்குச்சி! நிஜத்தில் திறந்தவெளியில் பத்தில் ஒரு பங்கு வெப்பம்தான் பாத்திரத்துக்குள் போகிறது. மிச்சம் காற்றுக்கும் நம் முகத்துக்கும். ஆகவே 170, 180 கிராம். ரம்ஃபோர்டு பிரபு என்று பெயர் பெற்ற பெஞ்சமின் தாம்சன் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பியச் சமையலறைகளைப் பார்த்து இந்த வீணடிப்பைத்தான் திட்டி எழுதினார். நெருப்பைச் சுற்றி அடை, காற்றுக்கு அளவாக வழி விடு என்பது அவர் தந்த தீர்வு. பெங்களூரு இந்திய அறிவியல் நிலையத்தில் ஏ.கே.என். ரெட்டி 1974இல் தொடங்கிய 'அஸ்த்ரா' குழுவினர் பின்னாளில் வடிவமைத்த புகைகுறைந்த விறகடுப்பும் இந்த வழியில் வந்ததே. வெட்டவெளியில் நமக்கு அவ்வளவு வேண்டாம். காற்று வரும் பக்கம் நாலு கல்லை அடுக்கி மறைத்தாலே விறகு மிச்சம். பாத்திரத்தை மூடுங்கள். 100 மில்லி தண்ணீர் ஆவியாகித் தப்பினால் 226 கிலோஜூல் கூடவே போய்விடுகிறது. அது முக்கால் லிட்டரைக் கொதிக்க வைத்திருக்கும்.

பாத்திரத்தின் வெளிப்புறக் கரி பற்றி நம் வீட்டுப் பெண்கள் பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல. சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு அந்தக் கறுப்பைப் போக்கப் பல தலைமுறைகளின் கை தேய்ந்திருக்கிறது. இயற்பியலைக் கேட்டால், தேய்க்காதே என்கிறது. பளபளக்கும் அலுமினியம் தன்மேல் விழும் வெப்பக் கதிரில் பத்தில் ஒரு பங்கைக்கூட உள்ளே வாங்காது, கண்ணாடிபோல் திருப்பி அனுப்பிவிடும். கரி படிந்த பரப்பு பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வாங்கிக்கொள்ளும். தணல் தருவது முக்கியமாகக் கதிர்வெப்பம் என்பதால் கறுத்த பாத்திரம் சீக்கிரம் கொதிக்கும். உதிர்கிற கரியைத் துடைத்துவிட்டு, ஒட்டிய கறுப்பை விட்டுவிடலாம். கறுப்பைப் பொறுக்க முடியாதவர்கள் அடுப்பில் ஏற்றும் முன் அடியில் ஈரமண் பூசிக்கொள்வார்கள். கழுவும்போது மண்ணோடு கரியும் கழன்று வந்துவிடும். மண்ணும் கதிர்வெப்பத்தை நன்றாக உறிஞ்சும் என்பதால் இதில் நஷ்டமில்லை.

வெட்டவெளிக்குக் கொண்டு போகக் கூடாதவை இரண்டு. ஒன்று ஒட்டாத பூச்சுப் பாத்திரம். அந்தப் பூச்சு சுமார் 260 டிகிரிவரை தாங்கும். 350ஐத் தாண்டினால் சிதைந்து நச்சுப் புகை விடும். தணலின் சூட்டை நினைத்தால் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. மற்றது, ரசத்துக்கென்று வைத்திருக்கும் ஈயச் சொம்பு. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். அப்படியானால் வீட்டில் அது எப்படி அடுப்பில் நிற்கிறது? உள்ளே இருக்கும் ரசம் 100 டிகிரிக்கு மேல் போகாது. கொட்டுகிற சூட்டையெல்லாம் ஆவியாவதற்குச் செலவழித்து, சொம்பைத் தன் வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே பிடித்து வைக்கிறது. ரசம் ஊற்றும் முன் அடுப்பில் ஏற்றி, பெருங்காயத்தை எடுக்கத் திரும்பிய இடைவெளியில் சொம்பைப் பறிகொடுத்த வீடுகள் நிறைய. கொழுந்து பக்கவாட்டில் ஏறும் விறகடுப்பில், ரசம் தொடாத மேல்பகுதிக்குப் பாதுகாப்பே இல்லை.

இதே தண்ணீர் வித்தையை நம்பித்தான் அரக்குப் பள்ளத்தாக்கில் பச்சை மூங்கில் குழாயில் கோழியை அடைத்து நெருப்பில் போடுகிறார்கள். பச்சை மூங்கிலின் சுவரே தண்ணீரால் ஆனது மாதிரி. அது உலர்ந்து கருகி முடிப்பதற்குள் கோழி வெந்துவிடும். கழுவ வேண்டாத பாத்திரம்.

மலைக்குப் போனால் தண்ணீரின் இந்தக் காவல் கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்யும். 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி குறையும். 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியில் கொதித்துவிடும். எவ்வளவு விறகு தள்ளினாலும் அதற்கு மேல் ஏறாது; அரிசி தாமதிக்கும், பருப்பு அழிச்சாட்டியம் செய்யும். மூடிமேல் கல்லை வைத்தால் குக்கர் ஆகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. 20 சென்டிமீட்டர் வாயுள்ள பாத்திரத்தின் மூடிமேல் 3 கிலோ கல் வைத்தால் அழுத்தம் நூற்றில் ஒரு பங்கு கூடும், கொதிநிலை அரை டிகிரிகூட ஏறாது. ஆவி வீணாகாமல் இருக்கக் கல் வைக்கலாம், குக்கர் என்று நம்பி வேண்டாம். பருப்பை முந்தின இரவே ஊறப் போடுவது மேல். நிஜக் குக்கரைக் கொழுந்தில் வைத்தால் கைப்பிடியும் கேஸ்கட்டும் கருகும்.

கீழிருந்து மட்டும் சூடு காட்டுவதில் ஒரு கஷ்டம், மேலே எதுவும் சிவக்காது. பிரியாணிக்குத் தம் போடுகிறவர்கள் மூடிமேல் தணலைக் கொட்டி இதைத் தீர்த்தார்கள். அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம் இதற்கென்றே ஒரு பாத்திரம் பிறந்தது. ஆங்கிலேயரான ஆபிரகாம் டார்பி, இரும்புப் பானைகளை மணல் அச்சில் மெல்லியதாக வார்க்கும் முறைக்கு 1707இல் காப்புரிமை பெற்றார். அந்த வழியில் வந்த கனத்த சட்டி அமெரிக்கக் குடியேறிகளிடம் 'டச்சு அவன்' என்ற பெயரில் புழங்கியது. தணலுக்கு மேல் நிற்க மூன்று குட்டைக் கால்கள், தணல் உருண்டு விழாமலிருக்க விளிம்பு கட்டிய தட்டையான மூடி. இங்கேயும் மூன்று கால்தான், பாருங்கள். யூட்டா மாநிலம் 1997இல் இதைத் தன் அதிகாரபூர்வச் சமையல் பாத்திரமாகவே அறிவித்துவிட்டது. ரொட்டி சுடும்போது கீழே குறைவாகவும் மேலே அதிகமாகவும் தணல் வைப்பது அங்கே வழக்கம். 12 அங்குலச் சட்டிக்குக் கரிக்கட்டி கீழே 9, மேலே 15. கீழ்ச் சூடு தானாக மேலேறி மாவைத் தொட்டுவிடும். மேல்சூட்டுக்கு இறங்கி வர மனசில்லை, இரும்பு வழியாகவும் கதிராகவும்தான் வந்தாக வேண்டும்.

கரண்டி விஷயத்தில் எவர்சில்வருக்கு மரியாதை செய்துவிடலாம். சூட்டைக் கடத்தாத குணம் காம்பில் வரமாகிறது. அலுமினியக் கரண்டி கையைச் சுட்டுவிடும். சட்டியை இறக்க ஈரத்துணியைப் பிடிக்காதீர்கள். காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும், போதாததற்கு ஆவியும் கிளம்பும். காய்ந்த சாக்கே போதும். மிஞ்சிய தணலைக் குளிருக்கென்று கூடாரத்துக்குள் எடுத்துப் போகவே கூடாது. அது விடும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது குற்றம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

அடுத்த வருஷம் கோயிலுக்குப் போனபோது, கனத்த வார்ப்பிரும்புச் சட்டி ஒன்றைப் பழக்கி எடுத்துப் போயிருந்தேன். சாம்பார் வைக்கும் தைரியம் வரவில்லை, ரவா உப்புமா. ரவை ஒரே நிறமாக வறுபட்டது, ஒரு திட்டில்லை. பதமாக வெந்ததும் இறக்கி மூடிவைத்துவிட்டுச் சாமி கும்பிடப் போனேன். வந்து திறந்தால், மேலே பூப்போல இருந்த உப்புமா அடியில் அரை விரல் கனத்துக்கு அப்பளமாகியிருந்தது.

பெரியவர் எட்டிப் பார்த்தார். சட்டியை இந்தமுறை சுண்டவில்லை. பக்கவாட்டில் புறங்கையை மட்டும் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டார்.

"நீ எறக்கிட்டே தம்பி, அது இன்னும் எறங்கலை" என்று சொல்லிவிட்டு, அந்த அடிப்பிடிச்சதைச் சுரண்டி ஒரு வாழை இலையில் வாங்கிக்கொண்டு போனார்.